ஹூஸ்டனைத் தாண்டி ஏக்கர் நிலத்தோடு வீடு வாங்குமுன்: வெள்ளமும் வெள்ளக் காப்பீடும்

ஹூஸ்டனை ஒட்டிய கேட்டி, சுகர்லேண்ட், பேர்லேண்ட் பக்கம் வீட்டு விலையைப் பார்த்து மலைத்துப் போய், இன்னும் முக்கால் மணி நேரம் வண்டி ஓட்டினால் இதே காசுக்கு மூன்று ஏக்கரோடு வீடு கிடைக்கிறதே, முருங்கை வைக்கலாம், நாலு கோழி வளர்க்கலாம் என்று கணக்குப் போடும் நம்மவர்கள் இப்போது நிறையப் பேர். நானும் அப்படிப் போனவன்தான். 2015-ல் டெக்சாஸின் வார்ட்டன் கவுண்டியில் (கவுண்டி என்பது நம் ஊர் மாவட்டம் மாதிரி), நகர எல்லைக்கு வெளியே, நெல் வயல்களை ஒட்டி ஒரு வீடு வாங்கினேன். ஆமாம், இங்கே நெல் விளைகிறது. நெல் விளைகிற மண் என்றால் தண்ணீரைக் கீழே இறங்க விடாமல் நிறுத்தி வைக்கிற களிமண் என்பதை நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

கடன் கொடுத்த வங்கி ஃப்ளட் இன்ஷூரன்ஸ் கேட்கவில்லை. கேட்கவில்லை என்றால் ஆபத்து இல்லை என்று எடுத்துக்கொண்டேன். அந்த நினைப்பு எவ்வளவு தப்பு என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அடுத்த வருஷம் பக்கத்துப் பண்ணைக்காரர், எழுபதைத் தாண்டியவர், தன் வைக்கோல் கொட்டகைக்குக் கூட்டிப்போய் ஒரு மரத்தூணைக் காட்டினார். முழங்காலுக்குக் கீழே ஓர் ஆணி, அதற்கு ஒரு சாண் மேலே இன்னோர் ஆணி. பக்கத்தில் பென்சிலால் 2004, 1998 என்று எழுதியிருந்தது. கொலராடோ ஆறு கரை தாண்டி வந்து நின்ற உயரம் அது. (கிராண்ட் கேன்யனில் ஓடும் கொலராடோ வேறு, இது டெக்சாஸுக்குள்ளேயே பிறந்து ஆஸ்டின், கொலம்பஸ், வார்ட்டன் வழியாகக் கடலுக்குப் போகிற ஆறு.) உன் வீட்டுத் தரை இந்த மேல் ஆணிக்கு எத்தனை அங்குலம் மேலே இருக்கிறது என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அந்த வாரமே ஏஜென்டைக் கூப்பிட்டுப் பாலிசி எடுத்தேன். 2017 ஆகஸ்டில் ஹார்வி புயல் வந்தது. அந்தத் தூணில் இப்போது மூன்று ஆணிகள், மூன்றாவதுதான் எல்லாவற்றுக்கும் மேலே. என் வீட்டுக்குள் ஏழு அங்குலத் தண்ணீர்.

புதிதாக வாங்கப் போகிறவர்கள் நான் செய்த வரிசையில் செய்யாதீர்கள். இந்த வரிசையில் செய்யுங்கள்.

முதலில் வரைபடம், ஆனால் அதன் வரம்பு தெரிந்து

ஃபீமா என்பது அமெரிக்க மத்திய அரசின் பேரிடர் நிர்வாக அமைப்பு. ஃபீமாவின் மேப் சர்வீஸ் சென்டர் என்று தேடினால் வரும் தளத்தில் முகவரியைப் போடுங்கள், காசு கிடையாது. வீடு எந்த ஜோனில் இருக்கிறது என்று காட்டும். ஏ அல்லது வி என்று தொடங்கினால் அதிக ஆபத்துப் பகுதி, அதாவது எந்த ஒரு வருஷத்திலும் நூற்றில் ஒரு வாய்ப்பு உள்ள வெள்ளம் அங்கே வந்து சேரும். இதைத்தான் நூறு வருஷ வெள்ளம் என்கிறார்கள். இந்தப் பெயரால் ஏமாந்தவர்கள் ஏராளம். நூறு வருஷத்துக்கு ஒரு தடவைதான் வரும் என்று அர்த்தமில்லை. 30 வருஷ வீட்டுக் கடனை நீங்கள் கட்டி முடிப்பதற்குள் ஒரு தடவையாவது வருவதற்கு 26 சதவீத வாய்ப்பு, அதாவது நாலு வீட்டில் ஒரு வீடு.

எக்ஸ் என்றால் ஆபத்து குறைவு என்று பொருள், இல்லை என்று பொருள் இல்லை. அதில் நிழலிட்ட எக்ஸ் என்பது 500 வருஷ வெள்ளத்துக்குள் வருவது. 2014 முதல் 2018 வரை அரசின் தேசிய வெள்ளக் காப்பீட்டுத் திட்டத்துக்கு வந்த இழப்பீட்டு விண்ணப்பங்களில் 40 சதவீதத்துக்கு மேல் அதிக ஆபத்துப் பகுதிக்கு வெளியே இருந்த வீடுகளிலிருந்து வந்தவை என்று ஃபீமாவே சொல்கிறது. டி என்று போட்டிருந்தால் அங்கே ஆய்வே செய்யவில்லை என்று அர்த்தம்.

கிராமப்புறக் கவுண்டிகளுக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. நகரப் பகுதியில் ஏஇ என்று இருக்கும், அதில் வெள்ளம் எத்தனை அடி வரை ஏறும் என்ற எண்ணும் இருக்கும். கிராமத்தில் பெரும்பாலும் வெறும் ஏ. எண் இருக்காது, தோராயமாக வரைந்த கோடுதான். டெக்சாஸ் பக்கத்தில் இதற்கு ஒரு வழி இருக்கிறது. எஸ்டிமேட்டட் பேஸ் ஃப்ளட் எலிவேஷன் வியூவர் என்று தேடுங்கள், பல இடங்களுக்கு உத்தேச வெள்ள மட்டத்தை அடிக் கணக்கில் தரும். அதிகாரபூர்வ வரைபடம் இல்லைதான், ஆனாலும் வீடு பார்க்கப் போகும்போது கையில் அந்த எண் இருப்பது பெரிய பலம்.

இன்னொன்று. இந்த வரைபடங்கள் முக்கியமாக ஆறும் ஓடையும் கடலும் பொங்கி வருவதைக் கணக்கிடுபவை. மேலே பெய்த மழை வடியாமல் உங்கள் நிலத்திலேயே தேங்குவதை அவை சரியாகக் காட்டுவதில்லை. வார்ட்டன் மாதிரி தட்டையான ஊரில் அதுதான் அடிக்கடி வருவது. ஃபர்ஸ்ட் ஸ்ட்ரீட் தளம் மழை வெள்ளத்தையும் சேர்த்துக் கணக்கிடுகிறது, அதையும் ஒரு தடவை பாருங்கள்.

அப்புறம் உயரம்

தண்ணீர் பள்ளம் தேடிப் போகும், கோடு பார்த்துப் போகாது. அதனால் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி ‘எந்த ஜோன்’ என்பதல்ல, ‘தரை எத்தனை அடி’ என்பதுதான். விற்பவரிடம் எலிவேஷன் சர்ட்டிபிகேட் இருக்கிறதா என்று கேளுங்கள். உரிமம் பெற்ற சர்வேயர் அளந்து தரும் தாள் அது. வீட்டின் கீழ்த்தளம் எந்த உயரத்தில், வீட்டை ஒட்டிய மண்ணில் மிகத் தாழ்ந்த இடம் எந்த உயரத்தில், ஏசி, வாட்டர் ஹீட்டர் எல்லாம் எந்த உயரத்தில் என்று ஒவ்வொன்றும் அதில் இருக்கும். விற்பவரிடம் இல்லை என்றால் கவுண்டி அலுவலகத்தில் பழைய பிரதி இருக்கலாம். அங்கேயும் இல்லை, வீடு ஏ ஜோனில் இருக்கிறது என்றால் சர்வேயரை வைத்து எடுத்துவிடுங்கள். குளோசிங்குக்கு (வீடு உங்கள் பெயருக்கு மாறும் நாளுக்கு) முன்னால் செலவு செய்யத் தகுந்த காசு அது.

அந்தத் தாளில் வீட்டை ஒட்டிய மிகத் தாழ்ந்த மண்ணே வெள்ள மட்டத்துக்குச் சமமாகவோ மேலேயோ இருந்தால், லோமா என்ற திருத்தக் கடிதத்துக்கு ஃபீமாவிடம் விண்ணப்பிக்கலாம், கட்டணம் இல்லை. கிடைத்தால், அதிக ஆபத்துப் பகுதி வீட்டுக்குக் கடன் வாங்கினால் காப்பீடு கட்டாயம் என்ற சட்ட நிபந்தனை உங்கள் வீட்டுக்கு நீங்கும், ஆனாலும் வங்கி விரும்பினால் தன் விதிப்படி கேட்கலாம். கடிதம் கிடைத்ததும் பாலிசியை ரத்து செய்துவிடும் ஆட்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். கடிதம் வந்ததால் உங்கள் வீடு ஒரு அங்குலம்கூட உயரவில்லை. ஆறும் கடிதம் பார்த்து ஏறுவதில்லை. 2025 ஜூலை 4 அன்று கெர் கவுண்டியில் குவாடலூப் ஆறு முக்கால் மணி நேரத்தில் 26 அடி ஏறியது. நூற்றுக்கு மேல் உயிர் போன அந்த விடியற்காலையை டெக்சாஸில் இருக்கிற யாரும் மறக்க முடியாது.

மண்ணையும் மனிதர்களையும் கேளுங்கள்

மழை பெய்யும் நாளில் வீடு பார்க்கப் போங்கள். வெயில் நாளில் எல்லா நிலமும் அழகுதான். வேலிக் கம்பங்களின் அடியில் ஒரே மட்டத்தில் சேற்றுக் கறை ஓடுகிறதா, கராஜ் சுவரின் கீழ்ப்பகுதி மட்டும் புதிதாக இருக்கிறதா, சாலையோர வாய்க்கால் தூர்ந்து கிடக்கிறதா என்று குனிந்து பாருங்கள். புல்வெளியில் சேற்றால் கட்டிய சின்னச் சின்னப் புகைபோக்கி மாதிரி கூடுகள் தெரிந்தால் அவை கிராஃபிஷ் (சிங்கி இறால் மாதிரி சின்ன நன்னீர்ப் பிராணி) போட்டவை, நிலத்தடி நீர் மேலாகவே இருக்கிறது என்பதற்கு அடையாளம்.

டெக்சாஸில் 2019 செப்டம்பர் முதல், வீட்டை விற்பவர் தன் விவர அறிக்கையில் முன்பு வெள்ளம் வந்ததா, எந்த வெள்ளப் பகுதி, ஃப்ளட் இன்ஷூரன்ஸ் கிளைம் செய்திருக்கிறாரா என்பதையெல்லாம் சொல்லியாக வேண்டும். அந்தப் பக்கத்தை வரி வரியாகப் படியுங்கள். அந்த வீட்டுக்கு முன்பு எவ்வளவு இழப்பீடு கொடுக்கப்பட்டது என்ற பதிவு ஃபீமாவிடம் இருக்கும், ஆனால் சொந்தக்காரர் கேட்டால்தான் கொடுப்பார்கள். அதனால் வாங்குமுன் விற்பவரையே எழுதிக் கேட்டு வாங்கித் தரச் சொல்லுங்கள். தயங்கினால் அந்தத் தயக்கமே ஒரு தகவல்.

எல்லாவற்றையும்விட, இரண்டு பக்கத்து வீட்டுக் கதவையும் தட்டுங்கள். கிராமத்து அமெரிக்கர்கள் பேசுவார்கள். எந்த வருஷம் எதுவரை வந்தது என்று ஒவ்வொருவருக்கும் ஒரு கணக்கு இருக்கும். நம் ஊரில் கண்மாய் உடைந்த வருஷத்தைத் தாத்தாக்கள் சொல்வார்களே, அதே மாதிரிதான்.

சாலையையும் கேளுங்கள். வீடு மேட்டில் இருந்து, வெளியே போகும் எல்லாச் சாலையும் தண்ணீருக்குள் போனால் என்ன செய்வீர்கள்? ஆம்புலன்ஸ் வராது, மின்சாரம் சரிசெய்யவும் யாரும் வர முடியாது. ஹார்வியின்போது எங்களை அதிகம் பயமுறுத்தியது அதுதான். ஓடும் தண்ணீர் ஆறு அங்குலம் இருந்தால் பெரிய ஆளையே தள்ளிவிடும், ஓரடி இருந்தால் சின்னக் காரை இழுத்துக்கொண்டு போகும். ஆழம் தெரியாத தண்ணீரில் வண்டியை விடாதீர்கள், குழந்தைகளோடு இருக்கும்போது சத்தியமாக விடாதீர்கள்.

கவுண்டி அலுவலகத்தில் ஒரு மணி நேரம்

பெரும்பாலான கவுண்டிகளில் ஃப்ளட்பிளைன் அட்மினிஸ்ட்ரேட்டர், அதாவது வெள்ளப் பகுதி விதிகளைக் கவனிக்கும் அதிகாரி, ஒருவர் இருப்பார். சின்னக் கவுண்டியில் செப்டிக் அனுமதி, சாலை அனுமதி எல்லாம் பார்க்கிறவரே இதையும் பார்ப்பார். நேரில் போங்கள், ஃபோனில் கிடைக்காத பதில் நேரில் கிடைக்கும். கவுண்டி தேசிய வெள்ளக் காப்பீட்டுத் திட்டத்தில் சேர்ந்திருக்கிறதா என்பது முதல் கேள்வி. சேராத கவுண்டியில் அரசுத் திட்டத்தின் பாலிசி கிடைக்காது, அதிக ஆபத்துப் பகுதியில் இருக்கும் வீட்டுக்கு எஃப்எச்ஏ மாதிரியான அரசு உத்தரவாதக் கடனும் கிடைக்காது. நகரமும் கவுண்டியும் இதில் தனித்தனியாகச் சேர்பவை, எனவே உங்கள் நிலம் யாருடைய எல்லைக்குள் என்று முதலில் உறுதிசெய்யுங்கள். வெள்ள ஆபத்தைக் குறைக்கும் முயற்சிகளுக்குத் தரம் போடும் சிஆர்எஸ் என்ற திட்டத்தில் கவுண்டி இருந்தால் பிரீமியத்தில் 5 முதல் 45 சதவீதம் வரை தள்ளுபடி.

கட்டுப்பாடே இல்லாத கிராமம், என் நிலத்தில் நான் எதையும் கட்டலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வெள்ளப் பகுதிக்குள் கொட்டகை போடவும், லாரி மண் அடித்து மேடாக்கவும்கூட அனுமதி வேண்டும். 50 சதவீத விதியும் இருக்கிறது: அதிக ஆபத்துப் பகுதியில் உள்ள வீட்டைப் பழுதுபார்க்கும் செலவு அதன் சந்தை மதிப்பில் பாதியைத் தொட்டால், வீட்டையே இன்றைய விதிப்படி உயர்த்திக் கட்டச் சொல்வார்கள். நில மதிப்பு இதில் சேராது, கட்டடம் மட்டும். பழைய வீட்டை மலிவாக வாங்குகிறவர்கள் இதை அவசியம் கணக்கில் வையுங்கள். சேதம் வெள்ளத்தால் வந்ததாக இருந்து, பாலிசியும் இருந்தால் இந்த உயர்த்தும் வேலைக்கு 30,000 டாலர் வரை கிடைக்கும்.

பாலிசி எடுப்பது

சாதாரண வீட்டு இன்ஷூரன்ஸ் வெள்ளத்துக்குக் காசு தராது. கூரை பிய்ந்து மழை உள்ளே வந்தால் அது வீட்டுப் பாலிசி. தரைவழியாகத் தண்ணீர் ஏறி வந்தால் வெள்ளப் பாலிசி. கார் தனி, அதற்கு வண்டி இன்ஷூரன்ஸில் காம்ப்ரிஹென்சிவ் என்ற பகுதி இருக்க வேண்டும்.

தேசிய வெள்ளக் காப்பீட்டுத் திட்டம் 1968-ல் வந்த சட்டப்படி நடப்பது. இப்போது ஃபீமா நடத்துகிறது, தனியார் நிறுவனங்களின் ஏஜென்டுகள் வழியாகவே விற்கிறார்கள். யாரிடம் எடுத்தாலும் அரசுப் பாலிசியின் விலை ஒன்றுதான், அதனால் விலைக்காக ஏஜென்டைத் தேட வேண்டாம், விவரம் தெரிந்தவரைத் தேடுங்கள். வீட்டுக் கட்டடத்துக்கு அதிகபட்சம் 2,50,000 டாலர், உள்ளே இருக்கும் சாமான்களுக்கு 1,00,000 டாலர். இரண்டும் தனித்தனி. வங்கி கட்டடத்துக்கு மட்டும்தான் கேட்கும், சாமான் பகுதியை நீங்களே கேட்டு வாங்க வேண்டும். டிடக்டிபிளும் (இழப்பில் நீங்களே ஏற்க வேண்டிய தொகை) இரண்டுக்கும் தனித்தனியாகக் கழியும்.

மிக முக்கியமானது: எடுத்த நாளிலிருந்து 30 நாள் கழித்துத்தான் அமலுக்கு வரும். புயல் சின்னம் வளைகுடாவுக்குள் வந்துவிட்டது என்று டிவியில் பார்த்துவிட்டு ஓடினால் பயனில்லை. ஜூன் 1-ல் புயல் பருவம் தொடங்குகிறது, ஏப்ரலுக்குள் முடித்துவிடுங்கள். வீட்டுக் கடனுக்காக குளோசிங்கோடு சேர்த்து எடுத்தால் இந்தக் காத்திருப்பு இல்லை, உடனே அமலாகும். எக்ஸ் ஜோனாக இருந்தாலும் அப்போதே எடுத்துவிடுங்கள் என்று நான் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம். இன்னொரு விஷயம், இந்தத் திட்டத்தை நாடாளுமன்றம் அவ்வப்போது நீட்டித்துக்கொண்டே வர வேண்டும். 2025 அக்டோபரில் அது காலாவதியாகி, பல வாரம் புதிய பாலிசி கொடுக்க முடியாமல் போனது. கடைசி நேரத்துக்கு ஒத்திப்போடுவது எந்த வகையிலும் நல்லதல்ல.

பிரீமியம் எவ்வளவு வரும் என்று எல்லோரும் கேட்கிறார்கள். 2021 அக்டோபரில் தொடங்கிய புதிய முறைப்படி ஜோனை வைத்து விலை போடுவதில்லை. தண்ணீருக்கு எவ்வளவு தூரம், தரை எவ்வளவு உயரம், வீட்டைத் திரும்பக் கட்ட எவ்வளவு ஆகும் என்று பார்த்து வீட்டுக்கு வீடு மாறும். பக்கத்து வீட்டுக்காரர் கட்டும் தொகையை வைத்து உங்களுடையதைச் சொல்ல முடியாது. ஆஃபர் கொடுக்குமுன் ஏஜென்டிடம் முகவரி கொடுத்து விலை வாங்கிவிடுங்கள். எலிவேஷன் சர்ட்டிபிகேட் கட்டாயம் இல்லை, ஆனால் கொடுத்தால் சில வீடுகளுக்குக் குறையும். விற்பவருக்கு ஏற்கெனவே அரசுப் பாலிசி இருந்து, அவர் பழைய சலுகை விலையில் இருந்தால், புதிதாக எடுக்காமல் அதையே உங்கள் பெயருக்கு மாற்றித் தரச் சொல்லுங்கள். அந்தச் சலுகையும் சேர்ந்து வரும்; பிரீமியம் வருஷத்துக்கு 18 சதவீதத்துக்கு மேல் ஏறாது, நீங்கள் குடியிருக்கும் வீடாக இருந்தால். ரியல்டர்கள் பலர் இதைச் சொல்வதில்லை.

தனியார் வெள்ளப் பாலிசியும் உண்டு. வீட்டின் மதிப்பு 2,50,000 டாலருக்கு மேல் என்றால் அதைப் பார்க்கத்தான் வேண்டும். சிலவற்றில் வாடகை வீட்டில் தங்கும் செலவும் வரும், அரசுப் பாலிசியில் அது கிடையாது. ஆனால் அடுத்த வருஷம் புதுப்பிக்க மாட்டோம் என்று சொல்லும் உரிமை அவர்களுக்கு இருக்கிறது. என் அபிப்பிராயம், ஆற்றோரத்தில் இருப்பவர்களுக்கு அரசுப் பாலிசிதான் நிம்மதி.

கிராமத்து வீட்டில் எதற்கெல்லாம் பணம் வராது

இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை, அதனால் விரித்துச் சொல்கிறேன். கிணறு, செப்டிக் டேங்க், வேலி, டெக், வீட்டுக்கு வரும் பாதை, மரங்கள் எதற்கும் வராது. தனியாக நிற்கும் கராஜுக்குக் கட்டடத் தொகையில் 10 சதவீதம் வரை தருவார்கள், அதுவும் அதே தொகையிலிருந்து. கொட்டகைக்குத் தனிப் பாலிசி வேண்டும். ஆடு, மாடு, கோழிக்குக் கிடையாது. சாமான்களுக்குப் புதியதன் விலை வராது, பழசாகிப்போனதற்குக் கழித்துத்தான் வரும். பத்து வருஷ சோபாவுக்குப் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள்.

ஹார்விக்குப் பிறகு எனக்குக் கையிலிருந்து போன பெரிய செலவு செப்டிக்தான். அடுத்தது கிணறு. தண்ணீர் தலைக்கு மேல் போன கிணற்றைக் குளோரின் போட்டுச் சுத்தம் செய்து, பரிசோதனையில் கிருமி இல்லை என்று வரும்வரை குடிக்கக் கூடாது. இந்த இரண்டுக்கும் என்று தனியாக ஒரு சேமிப்பு வையுங்கள். புரொப்பேன் டேங்கை நிலத்தோடு இழுத்துக் கட்டிவையுங்கள், தண்ணீரில் அது மிதந்து கிளம்பிவிடும்.

அரசாங்கம் உதவாதா என்றால், உதவும், ஆனால் வீட்டைத் திரும்பக் கட்டும் அளவுக்கு இல்லை. பெரும்பாலும் அதிபர் பேரிடர் என்று அறிவித்தால்தான் அந்த உதவியே வரும். கடன் கிடைக்கலாம், அது திருப்பிக் கட்ட வேண்டிய கடன்தான்.

தண்ணீர் வரும்போதும் வடிந்த பிறகும்

எங்கள் பக்கத்தில் ஆற்று வெள்ளம் மழையோடு வராது. ஹார்வி மழை நின்று, வெயில் அடித்து, தப்பித்தோம் என்று மூச்சுவிட்டபோதுதான் ஆறு எங்களிடம் வந்தது. மேலே கொலம்பஸில் ஆற்றின் மட்டம் ஏறினால் ஒன்றிரண்டு நாளில் அது வார்ட்டனுக்கு வரும். தேசிய வானிலைச் சேவையின் தளத்தில் உங்களுக்கு மேல்புறம் ஆற்று மட்டத்தை அளக்கும் இடம் எது என்று கண்டுபிடித்து ஃபோனில் சேமித்துவையுங்கள். வெள்ளம் வரப்போகிறது என்று உறுதியானால் மணல்மூட்டை, ஆள்கூலிக்கு 1,000 டாலர், சாமான்களைப் பத்திரமான இடத்துக்கு மாற்ற 1,000 டாலர் வரை பாலிசியே தரும். ரசீதை எறிந்துவிடாதீர்கள்.

வடியும்போது அவசரப்பட்டு இறங்காதீர்கள். எங்கள் வாசலில் பழுப்பு நிறத்தில் கைப்பந்து மாதிரி ஒன்று மிதந்து வந்தது. என் பையன் குச்சியால் தொடப் போனான், பக்கத்துப் பண்ணைக்காரர் கத்தினார். அது நெருப்பெறும்புக் கூட்டம். வெள்ளத்தில் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு பந்தாக மிதக்கும், எதைத் தொடுகிறதோ அதில் ஏறிவிடும். பாம்பும் வரும். பூட்ஸ் இல்லாமல் இறங்க வேண்டாம், மின்சாரத்தை நிறுத்தாமல் வீட்டுக்குள் போக வேண்டாம்.

அன்றைக்கே ஏஜென்டிடம் கிளைம் சொல்லிவிட்டு, எதையும் நகர்த்துமுன் ஒவ்வொரு அறையையும் படம் பிடியுங்கள். சுவரில் தண்ணீர்க் கோடு தெரியும்படி அளவு நாடாவைப் பிடித்து எடுங்கள். பிறகு, அட்ஜஸ்டர் (இழப்பை மதிப்பிட இன்ஷூரன்ஸ் அனுப்பும் ஆள்) வரும்வரை எல்லாவற்றையும் அப்படியே வைத்திருக்கத் தேவையில்லை. நனைந்த கார்ப்பெட்டையும் சுவர்ப் பலகையையும் எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் பூஞ்சை பிடிக்கும், அதற்கு உங்களையே பொறுப்பாக்குவார்கள். எறியுமுன் கார்ப்பெட்டில், தரையில், திரைச்சீலையில் ஒவ்வொரு துண்டு வெட்டி வையுங்கள். ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் பின்னால் ஒட்டியிருக்கும் மாடல் எண்ணைப் படம் எடுங்கள். கையில் காசு இல்லையென்றால் முன்பணம் கேளுங்கள், அட்ஜஸ்டர் வருமுன்னேயே 5,000 டாலர் வரை கிடைக்கும், படமும் ரசீதும் இருந்தால் 20,000 வரை. கேட்டால்தான் தருவார்கள்.

வெள்ளம் வந்த நாளிலிருந்து 60 நாளுக்குள் ப்ரூஃப் ஆஃப் லாஸ் என்ற இழப்பு விவரப் படிவத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். பெரிய பேரிடர்களில் இந்தக் கெடுவை நீட்டிப்பார்கள், ஹார்விக்கு ஒரு வருஷம் கொடுத்தார்கள், ஆனால் நீட்டிப்பை நம்பிக் காத்திருக்காதீர்கள். அட்ஜஸ்டர் போட்ட கணக்கில் ஏதாவது விட்டுப்போயிருந்தால் ஒப்பந்தக்காரரின் மதிப்பீட்டை இணைத்துத் திரும்ப அனுப்பலாம். என் கணக்கில் சமையலறைக் கீழ் அலமாரிகள் விட்டுப்போயிருந்தன. ஊறி உப்பிப்போன ஒரு கதவைப் படமெடுத்து, தச்சரின் மதிப்பீட்டோடு அனுப்பினேன். ஐந்து வாரம் ஆனது, பணம் வந்தது.